அளவெடுக்காத மார்க்கவசம்



லெந்து நாட்கள் தொடங்குமுன் ஆலயத்தின் பின்னறையை ஒழுங்குபடுத்துவது நம் வழக்கம். இவ்வாண்டும் வாலிபர்களோடு சேர்ந்து அந்த அறையைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மூங்கில் சட்டம், கிழிந்த பாய்கள், ஓடாத மின்விசிறி ஒன்று. இவற்றுக்கெல்லாம் அடியில், வெள்ளி வண்ணம் உரிந்து நீலம் தெரியும் ஒரு பிளாஸ்டிக் மார்க்கவசம் கிடந்தது. "இதைத் தூக்கிப் போட்டுடலாமா, ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று அப்போது சொல்லவில்லை. உங்களில் சிலருக்கு அந்தக் கதை பாதி தெரியும். மீதிப் பாதியை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் நம் வளாகத்தில் பாடுகளின் நாடகத்தை முதன்முதலாக நடத்தினோம். போர்ச்சேவகர் ஆறு பேர் வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் சிலுவையின் அடியில் நின்று சாட்சி சொல்லும் நூற்றுக்கு அதிபதி. வாடகைக்குக் கிடைத்தவை ஜிகினா வைத்த ராஜா உடைகள். ரோமச் சேவகருக்கு அவை ஒவ்வா. இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டின் வரலாற்றுப் பின்னணியை விரும்பிப் படித்தவன் நான். ரோமாபுரியில் நிற்கும் டிராஜன் தூணின் சிற்பங்களைப் படங்களில் பார்த்துப் பார்த்து, பட்டை பட்டையாய் அடுக்கிய அந்தக் கவசத்தின் வடிவம் என் மனதில் பதிந்திருந்தது. நாமே செய்வோம் என்று சொன்னவன் நானே.

தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் நீல டிரம் மூன்று வாங்கினோம். டிரம்மின் வளைவு மார்பின் வளைவுக்கு ஒத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அட்டையில் ஒரே ஒரு மாதிரி வெட்டினேன், என் சட்டை அளவில். ஆறு பேருக்கும் அதுவே போதும் என்று தீர்மானித்துவிட்டேன். ரம்பத்தால் அறுத்து, பட்டைகள்போல் கோடுகள் கீறி, வெள்ளி வண்ணம் தெளித்து, தோள்களில் நைலான் கயிறு கட்டினோம். ஆலய முற்றத்தில் வரிசையாகச் சாத்தி வைத்தபோது, தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அவை அழகாகவே இருந்தன.

நூற்றுக்கு அதிபதியாக நடிக்க ஒப்புக்கொண்டவர் நல்ல உயரமும் பருமனும் உள்ள ஒரு தம்பி. குரலும் அதற்கேற்றது. ஒத்திகையன்று முன்பாகத்தையும் பின்பாகத்தையும் அவர்மேல் வைத்தபோது, விலாவின் இருபுறமும் ஒரு சாண் இடைவெளி நின்றது. யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "வயித்த உள்ள இழுத்துக்குங்க தம்பி, நாப்பது நிமிஷந்தானே" என்றேன். அவரும் சிரித்தார். கயிற்றை இறுக்கிக் கட்டினோம்.

பெரிய வெள்ளி மாலையில் அவர் நாற்பது நிமிடமும் நின்றார். மற்றச் சேவகர்கள் சீட்டுப்போடும் காட்சியில் உட்கார்ந்தார்கள், அவர் உட்காரவில்லை. கடைசியில் சிலுவையை ஏறிட்டுப் பார்த்து அவர் அறிக்கை செய்தபோது நம் தாய்மார் பலர் அழுதார்கள். அன்றிரவு நான் மிகுந்த திருப்தியோடு உறங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அவர் ஆலயத்திற்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஜூன் மாதத்தில் வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் பேசும்போது, ஆதியில் கொண்ட அன்பு தணிந்துபோனவர்களைப் பற்றிக் கடிந்து பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொன்னேன் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவருடைய நண்பர்களும் அங்கே இருந்தார்கள். அந்தப் பேச்சு அன்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகஸ்டில் அவருடைய பாட்டியார் நோயுற்றிருந்ததால் ஜெபிக்கப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய தாயார் காப்பி கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடி சொன்னார்: "அன்னிக்கு ராத்திரி ரெண்டு அக்குளும் கிழிஞ்சு ரத்தம், ஐயா. பனியன் ஒட்டிக்கிச்சு. வெந்நீர் ஊத்தித்தான் எடுத்தேன். புண்ணு ஆறிடுச்சு. அதைப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் சிரிச்சாங்கம்மான்னு மட்டும் சொன்னான்."

பாட்டியாருக்காக ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பது நினைவில் இல்லை.

வீடு திரும்பி, 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சவுலின் வஸ்திரங்களையும் கவசத்தையும் தாவீது அணிந்து பார்த்து, கழற்றி வைத்துவிட்டுப் போகும் இடம். முப்பது ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ முறை அதைப் பிரசங்கித்திருக்கிறேன். மனுஷ ஆயுதம் வேண்டாம், கர்த்தருடைய நாமம் போதும் என்பதே ஒவ்வொரு முறையும் என் சாரம். சவுல் எல்லா ஜனங்களிலும் தோளுக்குமேல் உயர்ந்தவன் என்பதை அதே புத்தகம் முன்பே சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கவசம் ஒரு நெடியவனின் உடம்புக்கு அடித்தது. அதை மேய்ச்சலிலிருந்து வந்த பிள்ளையின்மேல் ஏற்றியவன் ராஜா. நல்ல எண்ணத்தோடுதான் ஏற்றினான். தாவீது செய்த முதல் காரியம் நடந்து பார்த்தது. நடக்க முடியவில்லை என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லவும் அவனால் முடிந்தது. நம் தம்பியால் அது முடியவில்லை. போதகர் சிரித்துக்கொண்டு சொன்னதை மறுக்க எத்தனை வாலிபருக்குத் துணிவு வரும்?

என் அக்காள் மகன் அமெரிக்காவில் கணினி வேலை பார்க்கிறான். 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் என்னும் திரைப்படத்தில் வெள்ளைக் கவசமணிந்த படைவீரர்கள் வருவார்கள். அவர்களைப்போல் கவசம் செய்து அணிவது அவனுடைய பொழுதுபோக்கு. அப்படிச் செய்பவர்களுக்கு ஒரு சங்கமே உண்டு. 1997இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன் பெயர் 501ஆம் லேகியோன். லேகியோன் என்ற பெயர் நம் வேதத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று நீங்கள் அறிவீர்கள். முதன்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்பது வயதில் பொம்மை விளையாட்டா என்று அவனை நான் கேலி செய்ததும் உண்டு. அவர்கள் அந்த உடையில் மருத்துவமனைகளுக்குப் போய் நோயுற்ற பிள்ளைகளை மகிழ்விக்கிறார்கள், தர்ம காரியங்களுக்கு நிதி திரட்ட உதவுகிறார்கள் என்பதை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அவனைத்தான் அன்றிரவு அழைத்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவன் கடிந்துகொள்ளவில்லை. "மாமா, அதப் போட்டவங்க உக்காந்து பாத்தாங்களா? ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டான். பிறகு தன் கவசத்தைத் துண்டு துண்டாகக் கேமராவின்முன் காட்டினான். ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து எடுக்கிறார்கள். அப்படி வரும் துண்டுகள் யாருக்கும் நேராகப் பொருந்துவதில்லை. குட்டையானவர் வெட்டிக் குறைக்க வேண்டும். நெடியவர் இணைப்புத் துண்டு சேர்க்க வேண்டும். தோள், புயம், முன்கை, தொடை என்று ஒவ்வொன்றும் உள்ளே எலாஸ்டிக் நாடாவிலும் அழுத்துப் பொத்தானிலும் தொங்குகிறது. உடம்பு அசைந்தால் கவசமும் சேர்ந்து அசையும். முழங்காலின் பின்புறமும் முழங்கையின் உட்புறமும்தான் ஆபத்தான இடங்கள். அங்கே விளிம்பு தோலைக் கவ்வும். அதைக் 'கடி' என்றே அவர்கள் சொல்கிறார்களாம். தலைக்கவசத்துக்குள் வியர்வையைத் தணிக்கச் சிலர் பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளிருந்து பார்த்தால் தன் காலடியே தெரியாது. ஆதலால் வெளியே போகும்போது சாதாரண உடையில் ஒருவர் துணைக்கு நடப்பார். அந்தத் திரைப்படத்திலேயே ஒரு வீரர் கதவில் தலையை முட்டிக்கொள்ளும் காட்சி வெட்டப்படாமல் நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தான்.

"அழகு தள்ளி நிக்கிறவங்களுக்கு, மாமா. உள்ள நிக்கிறவருக்கு விளிம்புதான்" என்றான். அவனிடம் கேட்டு நான் எழுதிக்கொண்டவை மூன்று பக்கம்.

அந்தச் சனிக்கிழமை, நீல மார்க்கவசத்தை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அளவெடுக்காததற்கும், சிரித்ததற்கும், ஜூன் மாதப் பேச்சுக்கும் தனித்தனியாகக் கேட்டேன். மொத்தமாகக் கேட்டால் எனக்கு எளிதாகிவிடும் என்று தோன்றியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கிலிருந்து மார்க்கவசத்தை எடுத்து, நகத்தால் வண்ணத்தைச் சுரண்டினார். அது செதிலாய் உரிந்து வந்தது. அவர் குழாய்க் கடையில் வேலை செய்கிறவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு என்ன பொருள் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

"இது எச்டிபிஇ, ஐயா. இதுல பெயிண்ட் நிக்காது, பசையும் ஒட்டாது. யாரு இத வாங்கச் சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

சற்று நேரங்கழித்து, "நான் போட மாட்டேன். வேணும்னா செஞ்சு தாரேன்" என்றார்.

அந்த ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு மாலைகள் அவர் பின்னறைக்கு வந்தார். ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

கழிவுநீருக்குப் போடும் மெல்லிய பிவிசி குழாயில், 160 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை எடுத்தோம். நீளவாக்கில் அறுத்து, சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் மெல்ல வாட்டினால் அது தோல்போல் இளகும். இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றினால் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் அகலமுள்ள தகடாகிவிடும். பிவிசி இளகுவதற்கு 80 டிகிரி செல்சியஸ் அளவு சூடு போதும். அதிகம் வாட்டினால் பழுப்பேறிக் காரமான புகை வரும். அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு. ஆகவே வேலை முழுவதும் வேப்பமரத்தடியில்தான், கையுறையோடு. வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். முடித்த கவசத்தை வெயிலில் நிற்கும் காரில் வைத்தாலும் அது வளைந்துபோகும். ஒரு தோள்பட்டையை அப்படி இழந்தோம்.

இம்முறை ஒற்றைத் தகடு வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டார். தகட்டை ஐந்து சென்டிமீட்டர் பட்டைகளாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி அடுக்கி, உட்புறம் நாடாக்களில் ரிவிட் அடித்தார். நான் டிராஜன் தூணின் படத்தை எடுத்துக் காட்டினேன். உண்மையில் ரோமரும் அப்படித்தான் செய்தார்கள். 1964இல் இங்கிலாந்தின் வடக்கே கோர்பிரிட்ஜ் என்னும் இடத்தில் கிடைத்த இரும்புப் பட்டைகளைக் கொண்டு ஆராய்ச்சியாளர் அதன் அமைப்பை அறிந்தார்கள். பட்டைகளை உள்ளே தோல் வார்களில் பிணைத்திருந்தார்கள். குனிந்தால் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், நிமிர்ந்தால் விரியும். நான் டிரம்மில் கோடாகக் கீறி வைத்தது அந்த அசைவைத்தான், கோடு அசையாது. (பிலாத்துவின் நாட்களில் யூதேயாவில் நிலையான லேகியோன் இருக்கவில்லை, துணைப்படையினரே இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சங்கிலிக் கண்ணிக் கவசம் அணிந்திருப்பார்கள். இதைத் தம்பியிடம் சொன்னேன். "அதை அடுத்த வருஷம் பாத்துக்கலாம், ஐயா" என்றார்.)

முதலில் ஆறு பேருக்கும் பழைய செய்தித்தாளை உடம்பில் சுற்றி, ஒட்டுநாடாவால் இணைத்து, தாளிலேயே கவசம் வெட்டினார். தாளோடு உட்காரச் சொன்னார், மண்டியிடச் சொன்னார், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கச் சொன்னார். தாள் கிழிந்த இடமெல்லாம் பேனாவால் குறித்தார். பிளாஸ்டிக் கிழிக்கப்போகும் இடமும் அதுதானே. மார்பளவை வெற்றுடம்பில் எடுக்கக் கூடாது, உள்ளே அணியப்போகும் கனத்த பருத்திச் சட்டையோடு, மூச்சை முழுதும் இழுத்த நிலையில் எடுக்க வேண்டும். மூச்சு விடும்போது எடுத்த அளவில் செய்த கவசம் அணிந்தவரின் மூச்சையே பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வாக்கியம் என் மூன்று பக்கக் குறிப்பிலும் இருந்தது. ஆனால் அதை அவர் என்னிடம் கேட்காமல் தாமாகவே கண்டுபிடித்தார். ஒரு பெரிய வெள்ளியில் நாற்பது நிமிடம் அதைப் படித்தவர் அவர்.

விளிம்புகளுக்கு அவர் செய்தது எளிய காரியம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூபின் மெல்லிய வகையை நீளவாக்கில் பிளந்து, அக்குளிலும் கழுத்திலும் விளிம்பின்மேல் செருகி ஒட்டினார். அக்குளை இரண்டு விரல் ஆழம் கூடுதலாக வெட்டினார். வெளியிலிருந்து பார்க்க அது தெரியவே இல்லை, தோள்பட்டைகள் அதை மறைத்துவிட்டன. கயிறு அடியோடு போயிற்று. விலாவில் வெல்க்ரோ பட்டை. பருத்தவருக்குத் தளர்த்தலாம், மெலிந்தவருக்கு இறுக்கலாம். மயக்கம் வந்தால் ஒரே இழுப்பில் கழற்றலாம் என்றும் சொன்னார். தலைச்சீராவுக்கு மட்டும் பிவிசி வேண்டாமென்று, உடற்பயிற்சிப் பாய் செய்யும் ஈவா நுரைத்தாளை எடுத்தார். அதற்கு ரப்பர் பசையை இருபுறமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பின்பே சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தில் சேர்த்தால் வழுக்கிக்கொண்டே போகும். உள்ளே மூன்று நுரைப் பட்டைகள் இடைவெளி விட்டு ஒட்டினார், காற்றுப் போவதற்காக.

வண்ணத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நான் பளபளப்பான வெள்ளியைக் கேட்டேன். அவர் மங்கலான சாம்பல் நிறம் தெளித்து, அதன்மேல் நீர்த்த கறுப்பும் பழுப்பும் பூசி, காயுமுன் துணியால் துடைத்தார். பட்டைகளின் இடுக்கில் அழுக்கு நின்றது, மேடு வெளுத்தது. மேடை விளக்கில் அது இரும்பாகத் தெரிந்தது. என் வெள்ளி, பாத்திரக்கடைத் தகரமாகத் தெரிந்தது. தோற்றுப்போனதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

கடைசியாக அரைக்கச்சை. அகலமான ரெக்சின் கச்சையை இடுப்பில் இறுக்கிக் கட்டியதும், கவசம் அணிந்திருந்த தம்பி, "தோள்ல பாரம் போயிடுச்சே" என்றார். பாரம் இடுப்பில் இறங்கிவிட்டது. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் சர்வாயுதவர்க்கத்தை வரிசைப்படுத்தும்போது கச்சையை முதலில் வைக்கிறார், மார்க்கவசம் அதற்குப் பிறகுதான். ஏன் என்று பிரசங்க பீடத்திலிருந்து பல விளக்கங்கள் கொடுத்தவன் நான். பின்னறையில் குழாய்த் துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அவற்றில் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அந்த ஆண்டு நாடகத்தின்போது தம்பி மேடைக்குப் பின்னால் ஒரு பையோடு நின்றார். கத்தரி, உபரி வெல்க்ரோ, ஊக்குகள், ஆறு தண்ணீர்ப் பாட்டில்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நடுவே சேவகர்களின் கழுத்தருகே விரலை விட்டு, இறுக்கமா என்று பார்த்தார். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அவருடைய தாயாரைத்தான் ஆலயத்தில் பார்த்தேன். அவர் வந்தது, எனக்கு நினைவிருக்கும்வரை, அதற்கும் ஏழு வாரங்கள் கழித்து, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று. கடைசி வரிசையில், தூணுக்கு அருகில். இன்றும் அந்த இடந்தான்.

இவ்வாண்டு நூற்றுக்கு அதிபதியாக நடிக்க இருந்தவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, தேவனுக்கு ஸ்தோத்திரம். அந்த இடத்துக்கு ஆள் தேடியபோது, வாலிபர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு. நான்கு ஆண்டுகளுக்கு முந்திய சட்டைகள் இப்போது எனக்குச் சேர்வதில்லை. போன செவ்வாய்க்கிழமை மாலை பின்னறையில் பருத்திச் சட்டையோடு நின்றேன். தம்பி செய்தித்தாளைச் சுற்றி ஒட்டிவிட்டு, அளவு நாடாவை மார்பில் போட்டார். நான் என்னை அறியாமலே மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள் அல்லவா.

அவர் நாடாவைத் தளர்த்தினார். குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "வயித்த இழுக்காதீங்க, ஐயா. சும்மா நில்லுங்க" என்றார். நான் மூச்சை விட்டேன். அவர் 43 என்று தாளில் எழுதிக்கொண்டு, உட்காரச் சொன்னார்.